நேர்காணலுக்கு முன் நெஞ்சை நிமிர்த்தி நின்றால் தன்னம்பிக்கை வருமா?

வரும். ஆனால் ஹார்மோன் கதையை நம்பாதீர்கள்.

உடலை விரித்து இரண்டு நிமிடம் இருந்தால் ஆதிக்க உணர்வோடு தொடர்புள்ள டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ஏறும், மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் ஹார்மோன் இறங்கும் என்று 2010-இல் அமெரிக்க உளவியலாளர் ஏமி கட்டி (Amy Cuddy) உள்ளிட்ட மூவர் எழுதினார்கள். 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு. 2015-இல் வேறொரு குழு 200 பேரிடம் செய்து பார்த்தபோது ஹார்மோனில் மாற்றமே தெரியவில்லை. தெம்பாக உணர்ந்ததாக மட்டும் சொன்னார்கள். அந்த மூவரில் ஒருவரான டேனா கார்னியே தனக்கு இதில் நம்பிக்கை போய்விட்டது என்று 2016-இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். சரி, எனக்கு அந்தத் தெம்பு போதும்.

இதைக் கேட்கிற நீங்கள்தான் உங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவர் என்று நினைக்கிறேன். நான் கேரளத்தில் தேவிகுளம் பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கும் வரிசை வீட்டில், வளர்ந்தவள். ஆபீஸ் வாசலில் அப்பா கைகட்டித்தான் நிற்பார். தலைத்துண்டு அக்குளுக்குப் போய்விடும். எஸ்டேட் மேனேஜரான துரை நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். எங்களுக்கும் அதையே பழக்கினார்கள்: தோளைக் குறுக்கு, குரலை இறக்கு, நிமிர்ந்து பார்க்காதே. பெரியவர்களை மதிக்க வேண்டாம் என்கிறாயா என்று சண்டைக்கு வராதீர்கள். அப்பா நின்றது பயத்தில். வேலை போனால் லயமும் போய்விடும்.

எர்ணாகுளத்தில் இன்டர்வியூ. வெளியே காத்திருந்தபோது போனில் குனியாமல், இரண்டு பாதமும் தரையில் பதிய உட்கார்ந்து, மூச்சை இழுத்ததைவிட மெதுவாக விட்டேன். அப்படி விட்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும். உள்ளே கைகளை மடியில் ஒளிக்காமல் மேசைமேல் வைத்தேன். ஒருவர், "தமிழ்நாட்டில் எவிடெயா?" (எங்கே?) என்று மலையாளத்தில் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தே, "இடுக்கி ஜில்லயாணு சார், தேவிகுளம்" என்றேன், கேரளத்து இடுக்கி மாவட்டம்தான் என்று. குரல் நடுங்கவில்லை. வேலை கிடைத்தது. படிப்புக்குத்தான் கொடுத்தார்கள், ஆனால் குறுகி உட்கார்ந்திருந்தால் படித்தது வாய்க்கு வந்திருக்காது.

1956-இல் கேரளம் உருவானபோதே அதற்குள் வந்த ஊர் எங்களுடையது. இன்னமும் பேச்சை வைத்து வெளியூர்க்காரி ஆக்குகிறார்கள். நான் படித்த தமிழ் மீடியம் பள்ளிக்குப் பாடப்புத்தகம் பாதி வருஷம் போன பிறகுதான் வரும். அக்காமாரின் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிப் படித்தோம். மேடை போட்டுத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க மலையேறி வருகிறவர்கள், ஜூன் மாதமே புத்தகம் கிடைக்கவும் எங்களோடு சேர்ந்து கேட்கட்டும்.