வலசை நீர்ப்பறவை ஆய்வை நம்பி வாழ முடியுமா?

விலங்கியல் இளநிலைப் படிப்பை முடிக்கப் போவதாகவும், வலசை வரும் நீர்ப்பறவைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள விரும்புவதாகவும், வீட்டில் பி.எட். சேரச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு மேசையிலும் அதே பி.எட். விண்ணப்பம் கிடந்ததால்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

படிப்புக்கு வழி இருக்கிறது. மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனஉயிரியல் முதுநிலை படிக்கலாம்; தேராதூனில் உள்ள இந்திய வனஉயிர் நிறுவனத்துக்கு நுழைவுத் தேர்வும் எழுதலாம். ஆனால் இந்த வேலை எப்படிப்பட்டது என்பதை எந்தப் பாடத்திட்டமும் எனக்குச் சொல்லவில்லை.

கோடியக்கரையை ஒட்டிய உப்பளப் பகுதியில், அமாவாசைக்கு முந்தைய ஓர் இரவு, பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவதற்காக வரப்போரம் வலை கட்டியிருந்தோம். உள்ளான் என்னும் நீர்ப்பறவைகள் நிலவொளியில் வலையைக் கண்டு விலகிவிடும் என்பதால் இருட்டைத்தான் தேட வேண்டும். அன்று சிக்கிய ஒரு வளைமூக்கு உள்ளானின் காலில் ஏற்கெனவே ஒரு தேய்ந்த வளையம் இருந்தது. வளையத்தின் எண்ணை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகே எழுத வேண்டும் என்பது விதி. "பாப்பா, நம்பரைச் சத்தமா சொல்லும்மா" என்று வலை கட்டும் பெரியவர் இரண்டு முறை கேட்டும், துணிப்பைகளில் இன்னும் பல பறவைகள் காத்திருந்த அவசரத்தில் நானே படித்து, நானே எழுதி, பறவையைப் பறக்கவிட்டேன். மறுநாள் பழைய பதிவேட்டில் தேடினால், அந்த எண் உப்புக்கொத்தி என்னும் வேறோர் இனப் பறவையின் பெயரில் இருந்தது. தேய்ந்த 3-ஐ 8 என்று படித்திருக்கிறேன் என்பது என் ஊகம். ஊகத்துக்குப் பதிவேட்டில் இடமில்லை என்பதால் அந்த வரியை அடித்துவிட்டார்கள்.

ஓர் எண்ணுக்கு இவ்வளவு அழுகையா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில், தைமிர் போன்ற இடங்களில் முட்டையிடுகிறது. அங்கே லெம்மிங் என்னும் எலியினம் பெருகும் ஆண்டில் நரிகள் அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்கின்றன. லெம்மிங் அருகும் ஆண்டில் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடிப் போகின்றன. அந்தக் குளிர்காலத்தில் நம் கையில் சிக்கும் உள்ளான்களில் இளம் பறவைகள் அரிதாகவே இருக்கும். அந்தப் பனிவெளி நரியின் பசியை நம் உப்பளத்துச் சேற்றில் அமர்ந்து கணக்கிட முடிகிறதென்றால், அதற்கு இறகின் ஓரத்தைப் பார்த்து வயதைக் குறித்தவரும் வளையத்தின் எண்ணைப் பிழையின்றி எழுதியவருமே காரணம். அந்தப் பறவை மறு ஆண்டும் சிக்கியதா என்று பார்க்க நான் அங்கே இல்லை. என் ஒப்பந்தம் 11 மாதம்தான்.

சம்பளத்தைப் பற்றிப் பேசினால் இளைஞர்களின் ஆர்வத்தைக் கெடுப்பதாகச் சண்டைக்கு வருவார்கள் என்பது தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். 1959-இல் பறவையியலாளர் சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவைகளுக்குப் பெருமளவில் வளையமிடத் தொடங்கியபோதே, உலக சுகாதார நிறுவனம் அதற்குப் பணம் தந்தது குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர்க் காட்டு நோயைப் பரப்பும் உண்ணிகளைப் பறவைகள் சுமந்து வருகின்றனவா என்று அறியத்தான். 2006-இல் பறவைக் காய்ச்சல் வந்தபோதும் வலசைப் பறவைகள் மீது திடீர் அக்கறை பிறந்தது. நோய் அடங்கினால் அக்கறையும் அடங்கிவிடுகிறது. நான் பின்னர் சேர்ந்த வேறொரு திட்டத்தில் நான்கு மாதச் சம்பளம் வரவே இல்லை. அதைவிட உறுத்துவது, அதன் அறிக்கையின் நன்றியுரையில் அதிகாரிகள் அனைவருக்கும் பதவியோடு பெயர் இருக்க, இரவெல்லாம் சேற்றில் நின்றவர்களுக்கு "உள்ளூர் உதவியாளர்கள்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருந்தன. அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவர்களில் நானும் ஒருத்தி.

பி.எட். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். உங்கள் ஊர் ஏரிக்குப் போய், கலங்கிக் கலைந்து பறக்கும் ஒரே கூட்டத்தை மூன்று முறை எண்ணிப் பாருங்கள். மூன்று முறையும் வேறு வேறு எண் வரும். நான்காவது முறை எண்ணத் தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பத்தைப் பற்றி யோசியுங்கள். நான் இரண்டு திட்டங்களுக்கு இடையே ஏழு மாதம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் வாடகை கட்டினேன்.