ஊர் நம்பினால் உண்மை ஆகிவிடுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் குளத்துக்கு வயது நானூறு என்று நீங்களே எழுதினீர்கள். இரண்டு மாதம் கழித்து, 'படித்துறை கட்டப்பட்டது 1839-இல்' என்று திருத்தம் வெளியிட்டீர்கள். ஊரில் ஒருவரும் அதை நம்பவில்லை, நம்பப்போவதும் இல்லை. உண்மை என்பதுதான் என்ன ஐயா? ஒரே விபத்தைப் பார்த்த நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். நேற்று மருத்துவர்கள் சத்தியம் செய்ததை இன்று அவர்களே மாற்றிச் சொல்கிறார்கள். கடைசியில் பெரும்பாலோர் எதை ஏற்கிறார்களோ அதுதானே உண்மை? இதை ஒப்புக்கொள்வதில் உங்களுக்கு ஏன் இத்தனை தயக்கம்?
— வாசகர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தயக்கம் ஏதும் இல்லை. நேராகவே மறுக்கிறேன்.

பெரும்பாலோர் ஏற்பதைச் சொல்ல நம்மிடம் வேறு சொற்கள் இருக்கின்றன. வழக்கு என்கிறோம், நம்பிக்கை என்கிறோம், ஊர்ப்பேச்சு என்கிறோம். 'உண்மை' அந்த வரிசையில் சேராது. அது 'உள்' என்ற அடியில் பிறந்த சொல். உள்ளதாக இருக்கும் தன்மை என்பதே அதன் முதற்பொருள். பொய்யை அதற்கு எதிர்ச்சொல்லாகப் பள்ளியில் படித்தோம். பழைய உரைகளைப் புரட்டினால் உண்மைக்கு எதிரே 'இன்மை' நிற்பதைப் பார்க்கலாம். சைவ சித்தாந்தத்தில் 'பதி உண்மை' என்றால் இறைவன் உண்டு என்று நிறுவுவது. ஒன்று உண்டா, இல்லையா? அந்தச் சொல் கேட்பது இவ்வளவுதான். எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று அது கேட்பதில்லை.

உங்கள் நான்கு சாட்சிகளையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் முரண்படுகிறார்கள் என்று நீங்கள் சொல்லும்போதே, நால்வருக்கும் பொதுவாக ஒரு விபத்து நடந்தது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அப்படி ஒன்று நடக்கவில்லை என்றால் அவர்கள் எதைப் பற்றி முரண்படுகிறார்கள்?

மருத்துவர்களை நீங்கள் சாட்சிக்கு அழைத்ததால் அங்கிருந்தே விரிவாகச் சொல்கிறேன். இதில் எனக்குச் சொந்த வலியும் இருக்கிறது.

என் பெரியப்பாவுக்கு அல்சர். எழுபதுகளில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே நான் வளர்ந்தேன். காரமில்லாத மோர்சாதமும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாலும்தான் அவருடைய உணவு. நோய்க்குக் காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது: நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, மிளகாய் அதிகம், எல்லாவற்றுக்கும் மேலாக ஓயாத கோபமும் கவலையும். மருத்துவர் அப்படித்தான் சொன்னார். பக்கத்து வீட்டாரும் சொன்னார்கள். 'உங்கள் குணம்தான் உங்கள் வயிற்றை அரிக்கிறது' என்று பெரியம்மா அழுதபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சிறுவனாக இருந்த நானும் அதை நம்பி அவரிடமிருந்து ஒதுங்கி நின்றேன். கடைசியில் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஊரும் மருத்துவமும் ஒரே குரலில் பேசிய காலம் அது. உங்கள் இலக்கணப்படி அதைவிடப் பெரிய உண்மை வேண்டுமா?

1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர், நோயாளிகளின் இரைப்பைத் திசுவில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். அத்தனை அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்பது அன்றைய பாடம். 1981-இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்துகொண்டார். கிருமியைத் தனியே வளர்த்துப் பார்க்க முயன்றார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மாதிரிகளில் ஒன்றும் முளைக்கவில்லை. வளர்ப்புத் தட்டுகளை இரண்டு நாளில் எறிந்துவிடுவது ஆய்வகத்தின் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் எறியப்படாமல் ஐந்து நாளுக்குக் குறையாமல் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளரும் வகை. அதுவரை அவகாசம் கொடுக்காமலே 'இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முன் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். 1940-லேயே பாஸ்டனில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் 1954-இல் எடி பால்மர் என்ற அமெரிக்க மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் திசுக்களைச் சோதித்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று எழுதினார். அது பெரிய ஆய்வு. அவர் மேல் குறை சொல்லவும் இடமில்லை. அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் திசுவுக்கு ஏற்றிய சாயத்தில் இந்தக் கிருமி தெளிவாகத் தெரியாது. வெள்ளி கலந்த சாயம் வேண்டும். வாரன் பயன்படுத்தியது அதைத்தான். கண்ணால் கண்டேன் என்பது மட்டுமல்ல, கண்ணால் காணவில்லை என்பதும் எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஏறக்குறைய முப்பது ஆண்டுக்கு அந்தத் தேடலே ஓய்ந்துபோனது.

இன்னொருவரும் இருக்கிறார். கிரேக்க நாட்டின் ஒரு சிறு நகரில் லிகூடிஸ் என்ற மருத்துவர் 1958-இல் தன் வயிற்றுக் கோளாறுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்துக் குணமடைந்தார். பிறகு அல்சர் நோயாளிகள் பலருக்கு அதையே கொடுத்தார். மருத்துவ இதழ்கள் அவர் கட்டுரையை ஏற்கவில்லை. அவருக்கு அபராதமும் விதித்தார்கள். 1980-இல் இறந்துபோனார்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். 1958-இல் அல்சரைப் பற்றிய உண்மை எது? உலகமே ஒருபக்கம் நின்றது. மறுபக்கம் ஏறக்குறைய அவர் ஒருவர். பெரும்பான்மைதான் உண்மை என்றால், அன்று கோபமும் மிளகாயும்தான் புண்ணை உண்டாக்கின என்றும், 1994-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து கிருமி உண்டாக்கத் தொடங்கியது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். என் பெரியப்பாவின் வயிற்றில் இருந்தது அந்தக் குழு கூடும்வரை காத்திருக்கவில்லை. மாறியது நம் தீர்மானம். உண்மைக்கும் தீர்மானத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை நீங்கள் ஒரு வரியில் அழித்துவிடப் பார்க்கிறீர்கள். அதனால்தான் கடுமையாக எழுதுகிறேன். அந்த இடைவெளியில் மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் நோய்க்குத் தங்கள் குணத்தையே நொந்துகொண்டிருந்தார்கள்.

இதைப் படித்ததும் சிலர் எதிர்த் திசைக்கு ஓடுவார்கள்: 'பார்த்தீர்களா, நிபுணர்கள் தோற்றார்கள், ஆகவே யார் சொல்வதும் ஒன்றுதான், தனியாக நிற்பவன் சொல்வதுதான் சரி.' அதையும் மறுக்கிறேன். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, இரைப்பையில் அழற்சி. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், துணிச்சல் நெஞ்சைத் தொடுகிறது என்பதால். ஆனால் குடித்தவர் ஒருவர். வந்தது அழற்சி, அல்சர் வரவில்லை. துணிச்சல் ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பதைக் காட்டும். அவர் நம்புவது சரியா என்பதைக் காட்டாது. தவறான கொள்கைக்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு.

தராசை உண்மையில் சாய்த்தவற்றில் ஒன்று 1988-இல் வெளியான சோதனை. நூறு அல்சர் நோயாளிகள். யாருக்கு நுண்ணுயிர்க்கொல்லி, யாருக்கு வெறும் மாத்திரை என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. கிருமி நீங்கியவர்களில் 92 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. கிருமி தங்கியவர்களில் 61 சதவீதம். ஓராண்டுக்குள் புண் திரும்பியது கிருமி நீங்கியவர்களில் 21 சதவீதம், தங்கியவர்களில் 84 சதவீதம். நடத்தியவர்களில் மார்ஷலும் ஒருவர். எண்கள் தலைகீழாக வந்திருந்தால் அவருடைய கொள்கை அங்கேயே விழுந்திருக்கும். விழுவதற்கு இடம் வைத்துவிட்டுத்தான் அவர் சோதனையில் இறங்கினார். லிகூடிஸிடம் இல்லாதது இது. அவர் பெருமளவு சரியாகவே சொன்னார். ஆனால் மருந்து கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி அவர் காட்டவில்லை. மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி இருப்பவர் எல்லோருக்கும் அல்சர் வருவதில்லை. வலி மாத்திரைகளாலும் அல்சர் வருகிறது. இதையும் அதே வழியில்தான் கண்டுபிடித்தார்கள். அறிவியல் 'மாற்றிச் சொல்கிறது' என்று நீங்கள் குறைப்படுவது இதைத்தான். காற்றடித்த பக்கம் சாய்வதும், சோதித்துத் திருத்திக்கொள்வதும் ஒன்றல்ல.

கண்ணகி வழக்காடிய காட்சியை நினைத்துப் பாருங்கள். சிலம்பை உடைக்கும் முன்பே அரசன் சொல்லிவிடுகிறான், தேவியின் சிலம்பில் முத்துப் பரல் என்று. அவளும் சொல்லிவிட்டாள், தன்னுடையதில் மாணிக்கம் என்று. பிறகுதான் உடைத்தார்கள். எது வந்தால் யார் தோற்பது என்று முன்கூட்டியே பேசி முடித்தாகிவிட்டது. மாணிக்கம் தெறித்ததும் அரசன் வாதாடவில்லை. அவன் செய்த கொடுமை வேறிடத்தில் இருக்கிறது: அதே சிலம்பு கோவலன் உயிரோடு இருந்தபோதும் உடைக்கக்கூடியதாகத்தான் இருந்தது. ஒரு பொற்கொல்லனின் சொல்லே போதும் என்று நினைத்துவிட்டான்.

மனிதர்கள் உண்மையைத் தீர்மானிக்கும் வழிகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'அளவை'. மணிமேகலையில் வரும் அளவைவாதி பத்து வகை அளவைகளை அடுக்குகிறான். அடிப்படையானவை மூன்று: கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு கருதி அறிவது, தக்கவர் உரையால் அறிவது. அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும். துணியை அளந்தால் முழம் குறையலாம், அளப்பவன் கை தவறலாம்; துணியின் நீளம் அதனால் மாறாது. நம்மில் பெரும்பாலோர் பெரும்பாலானவற்றை உரையால்தான் அறிகிறோம். நானும் அந்தக் கிருமியைக் கண்ணால் பார்த்ததில்லை. உரையை ஏற்பதில் தவறில்லை. ஆனால் அந்த உரை பின்னால் போய் எங்கே முடிகிறது என்று கேட்க வேண்டும். பார்த்த ஒருவரிடம், சோதித்த ஒரு சோதனையிடம் முடிகிறதா? அல்லது ஒருவர் மற்றவரைக் காட்டி, அவர் இன்னொருவரைக் காட்டி, வட்டமாகச் சுற்றி வருகிறதா?

உங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி நாங்கள் முதலில் எழுதியது அப்படிப்பட்ட வட்டத்தில் சிக்கித்தான். கல்லைப் பார்க்காமல், கோயிலில் சொன்னதைக் கேட்டு நானூறு என்று எழுதினோம். அது எங்கள் குற்றம். படித்துறைக் கல்லில் 'விகாரி வருடம்' என்று இருப்பதை ஊர் சரியாகத்தான் படித்திருக்கிறது. ஆனால் விகாரி அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். 1599-உம் விகாரி, 1839-உம் விகாரி. எது என்று சொல்ல வேண்டியது சாலிவாகன சகாப்தம் என்ற பழைய ஆண்டுக் கணக்கின் எண். அதைச் சுண்ணாம்புப் பூச்சு மறைத்திருந்தது. பூச்சை நீக்கி மைப்படி (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுத்தபோது 1761 என்று இருந்தது. அதோடு 78-ஐக் கூட்டினால் நம் கி.பி. கணக்கில் 1839. அந்த ஆண்டும் விகாரியாக அமைவதால் பெயரும் எண்ணும் ஒன்றையொன்று தாங்குகின்றன. குளம் அதற்கு முன்பே இருந்திருக்கலாம். கல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நாங்கள் திருத்தியது படித்துறையின் ஆண்டை மட்டுமே.

ஊர் சொல்வது சரி என்றால் அந்த இடத்தில் 1521 இருக்க வேண்டும். மைப்படி எங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. கல் உங்கள் ஊரிலேயே, கிழக்குப் படித்துறையில் மேலிருந்து மூன்றாம் படியில் இருக்கிறது. பழைய தமிழ் எண்களைப் படிக்கத் தெரிந்த ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்து அழைத்துச் சென்று பாருங்கள். 1521 என்று அவர் காட்டினால், அந்தப் படத்தோடு அடுத்த இதழில் இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.