பழைய பொம்மை வீடு ஒன்று கிடைத்திருக்கிறது. அதைப் புதுப்பித்து, உள்ளே வைக்கும் மினியேச்சர் சாமான்களை நானே செய்ய ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

முதலில் வாசல் கதவை அளந்து பாருங்கள். சுமார் 7 அங்குலம் இருந்தால் அது 1:12, அதாவது நிஜத்தில் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். அதிகம் புழங்கும் அளவு இதுதான். நாலரை அங்குலம் என்றால் 1:18 ஆக இருக்கலாம். எதுவானாலும், உள்ளே போகிற அத்தனையும் அதே அளவில் இருக்க வேண்டும். கொலு பார்க்கில் கோயிலைவிடக் காவல்காரர் உயரமாக நின்றால்கூட அழகுதான். இங்கே அது எடுபடாது.

அளவாவது வகுத்தால் வந்துவிடும். படுத்துவது வேறு விஷயம்: நீள அகலத்தைச் சுருக்கலாம், பொருளின் தன்மை சுருங்காது. அஞ்சறைப்பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 அங்குலப் பெட்டி 1:12-இல் 17 மில்லிமீட்டர். ஊசி மருந்துக் குப்பியின் அலுமினிய மூடி ஏறக்குறைய பொருந்தும். ஆனால் அதில் நிஜக் கடுகைப் போட்டால் நெல்லிக்காய் கொட்டி வைத்ததுபோல் இருக்கும். கசகசாகூடப் பெரிசுதான். கரித்தூள்தான் கடுகு, மஞ்சள் சாக்பீஸ் தூள்தான் மஞ்சள்பொடி (நிஜ மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்). அரிசிக்கு ரவை அச்சாகப் பொருந்தும். வறுத்து, ஃபெவிகால் கலந்த தண்ணீரில் ஒட்டி, மேலே வார்னிஷ் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டு வரும்.

துணியும் இப்படித்தான். திரைச்சீலை சின்னதாக இருந்தால் தொங்காது, விறைத்துக்கொண்டு நிற்கும். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியை அதே ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து, தெர்மகோல் மேல் குண்டூசி குத்தி மடிப்பு வைத்துக் காயவிட்டால் மடிப்பு நிற்கும். மரச்சாமானுக்குப் பளபளக்கும் பெயின்ட் வேண்டாம், பார்த்தவுடன் விளையாட்டுச் சாமான் என்று காட்டிக்கொடுத்துவிடும், பளபளப்பில்லாத மேட் பெயின்ட்தான் சரி. சிவப்பு ரெட் ஆக்சைடு தரை செய்தால் மட்டும் பளபளப்பு வார்னிஷ் தாராளமாக அடிக்கலாம், நிஜத் தரையே அப்படித்தானே மின்னும். மரத்தரை என்றால் ஐஸ் குச்சி. அம்மி, ஆட்டுக்கல்லுக்கு எம்-சீல் போதும். இறுகுவதற்கு முன் ஈர உப்புத்தாளால் ஒற்றி எடுத்தால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும்.

புது டெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ், இங்கிலாந்து அரசி மேரிக்காக ஒரு பொம்மை வீட்டை வடிவமைத்தார். 1921-இல் தொடங்கி 1924-இல் முடித்தார்கள். இன்றும் விண்ட்சர் கோட்டையில் இருக்கிறது. அதுவும் 1:12தான். குழாயில் தண்ணீர்கூட வரும். ஆனால் எத்தனை பெரிய கட்டிடக் கலைஞராக இருந்தால் என்ன, தண்ணீர்த் துளியைப் பன்னிரண்டாக வகுக்க முடியுமா? வெளிச்சத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் சிகாகோ கலைக்கூடத்தில் உள்ள தார்ன் அறைகள் எனக்கு இன்னும் பிடிக்கும். 68 குட்டி அறைகள். பல அறைகளின் ஜன்னலுக்கு அப்பால் ஒரு தோட்டமோ தெருவோ அமைத்து, அங்கிருந்து உள்ளே வெளிச்சம் விழும்படி செய்திருப்பார்கள். உங்கள் வீட்டிலும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு படத்தை ஒட்டி, நடுவில் ஒரு எல்இடி வையுங்கள், அறையே மாறிவிடும்.

சரி, புதுப்பிக்கும் வேலைக்கு வருவோம். எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய வீடாக இருந்தால் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ஒயரிங் முதலில், சுவர்த்தாள் அப்புறம். அந்தத் தாளையும் சுவரில் நேராக ஒட்டாமல் மெல்லிய அட்டையில் ஒட்டி உள்ளே செருகுங்கள். பின்னால் விளக்கு எரியாமல் போனால் உருவிப் பார்க்கலாம்.

செட்டாக விற்கும் சாமான்களை இப்போதைக்கு வாங்க வேண்டாம், பலவற்றில் அளவு போட்டிருக்காது. வாங்கத்தான் வேண்டும் என்றால் நாற்காலியில் உட்காரும் பலகையின் உயரத்தைக் கேளுங்கள். நிஜத்தில் அது 18 அங்குலம், 1:12-க்கு ஒன்றரை அங்குலம் வர வேண்டும்.