தாத்தாவின் தொம்பையும் பேத்தியின் படிப்பும்

போன வாரம் மகளை அழைத்துக்கொண்டு நீங்கள் இருவரும் வந்தபோது, "கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சீட் வாங்காதீர்கள். பெரியப்பா வற்புறுத்துகிறார், சரி. வட்டியைக் கட்டப் போவது நீங்கள்தானே?

அன்று உங்கள் மகள் வாய் திறந்தது, துணியில் கையால் கோடு வரைந்து சாயமேற்றும் தாத்தாவின் கலம்காரியைப் பற்றிக் கேட்ட பிறகுதான். கடுக்காயும் பாலும் சேர்த்துத் தோய்த்த துணியில் கோடு ஏன் கசிவதில்லை, இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் பட்டதும் அது எப்படிக் கறுக்கிறது, படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏன் பிடிக்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினாள். அவள் நோட்டைப் புரட்டினேன். தேரில் தொங்கும் உருளை வடிவத் துணி அலங்காரமான தொம்பையின் யாளியும் அன்னமும் அங்கே பள்ளிப் பையிலும் குடையிலும் ஏறியிருந்தன. தாத்தாவின் கோட்டை வைத்துக்கொண்டு அவள் தன் சொந்த வேலையைத் தொடங்கிவிட்டாள்.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. ஓவியமும் சிற்பமும் அங்கே உண்டு என்பது பலருக்குத் தெரியும். துணி வடிவமைப்புக்குத் தனிப் பிரிவு இருப்பது தெரியாது. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. பிளஸ் டூ தேர்ச்சியோடு வரைதல் தேர்விலும் தேற வேண்டும். சாயமும் கோடும் அவளுக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டன. ஒரே உருவம் துணி முழுவதும் முறிவில்லாமல் தொடரும்படி அமைப்பது, நெசவு, அச்சு, விலை போடுவது ஆகியவை இனிமேல்தான் வர வேண்டும். இவை கைவந்தால் கரூரின் வீட்டு உபயோகத் துணி நிறுவனங்களில் வேலை கேட்கலாம். தாத்தாவின் பட்டறைக்கே புதிய வாடிக்கையாளரையும் தேடலாம்.

வருமானம் உடனே வராது. கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் ஆர்டர் கூடவில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு, சென்னையில் தங்கும் செலவுதான் அதிகம். அதற்கு இப்போதே கணக்குப் போடுங்கள். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிக்கும் விண்ணப்பியுங்கள். சென்னையில் துணிப் பிரிவு கிடைக்காவிட்டால், கும்பகோணத்துக்கு வீட்டிலிருந்தே போய் ஓவியம் படிக்கலாம்.

தேர்வு வரை தினமும் இரண்டு மணி நேரம் அவள் வரையட்டும். அந்த நேரத்தில் கடைக்குப் போகச் சொல்லாதீர்கள். அந்த நோட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.