ஒரிஜினலை யாருக்கும் அனுப்பாதீர்கள்

கேள்வி: எனக்கு 27 வயது, ஊர் தஞ்சாவூர். பி.காம். படித்துவிட்டு ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். ஐந்து வருடமாக வாட்டர்கலர் வரைகிறேன். சிறுவர் படப்புத்தகங்களுக்கு வரைய ஆசை. பதிப்பகங்களைத் தெரியும் என்று சொல்லும் ஒருவர், பயிற்சிக்கும் பதிவுக்கும் 15,000 ரூபாய் கட்டச் சொல்கிறார். 24 பக்கம் வரைந்து ஒரிஜினல்களை அனுப்ப வேண்டுமாம், பணம் புத்தகம் வந்த பிறகாம். ஓவியப் பட்டம் இல்லாத எனக்கு வேறு வழி கிடையாது என்கிறார். இரண்டு படங்களை அனுப்பியும் விட்டேன். நம்பலாமா?

பதில்: கட்டாதீர்கள். பதிப்பகம்தான் ஓவியருக்குக் காசு கொடுக்கும். ஓவியர் யாருக்கும் கட்டுவதில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்று வேலைதான்.

பட்டம் இல்லை என்ற பயத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் இரவுக் காவலாளியாக வேலை பார்த்தவர். சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம் அவர் படங்களைப் புத்தகமாக்கியது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சிறுவர் புத்தகம் போடும் துலிகா, கரடி டேல்ஸ் இரண்டும் சென்னையில்தான் இருக்கின்றன, பிரதம் புக்ஸ் பெங்களூரில். நேராக அவர்களுக்கே எழுதலாம், நடுவில் ஆள் தேவையில்லை.

ஆனால் எதைக் காட்டுகிறீர்கள் என்பது முக்கியம். வாட்டர்கலர்காரர்கள் பெரும்பாலும் கோபுரம், படகு, மழைத் தெரு என்று அனுப்புவார்கள். அழகாகத்தான் இருக்கும். பதிப்பாசிரியர் தேடுவதோ வேறு. ஒரே சிறுமி ஓடும்போதும் அழும்போதும் முதுகு காட்டி நிற்கும்போதும் அதே சிறுமியாகத் தெரிய வேண்டும். ஒரு சின்னக் கதையை எடுத்து, அதே பாத்திரங்களோடு ஆறு படம் வரையுங்கள். முகமோ எழுத்தோ இரண்டு பக்கமும் சேரும் நடு மடிப்பில் விழக் கூடாது. ஓபரா பிங்க் மாதிரி பளீர் நிறங்கள் அச்சில் மங்கிவிடும், நம்பாதீர்கள். மெல்லிய வாஷ், அதாவது தண்ணீர் அதிகம் சேர்த்துப் பூசும் வெளிறிய நிறம், ஸ்கேனில் காணாமல் போகும். அதனால் 600 டிபிஐ-யில் (ஸ்கேனின் நுணுக்கத்தைச் சொல்லும் அளவு) நீங்களே ஸ்கேன் செய்து பார்த்துவிடுங்கள். அனுப்ப வேண்டியதும் அந்த ஸ்கேனைத்தான். அச்சுக்கு அது போதும். ஒரிஜினல் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

இனி பலரும் அறியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். வரைந்தவருக்கே உரிமை என்று எல்லோரும் சொல்வார்கள். பொதுவாகச் சரிதான். ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் காசு கொடுத்து ஓர் ஓவியத்தை வரையச் சொன்னால், வேறு மாதிரி பேசி வைக்காத பட்சத்தில், பதிப்புரிமை வரையச் சொன்னவருக்குப் போய்விடும். திரும்பவும் சொல்கிறேன்: நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால், சட்டம் அவர் பக்கம் சாயும். ‘இது ஓவியம் இல்லை, புத்தகப் படம்’ என்று வாதாடலாம். அதற்கு வக்கீல் வைக்க நம்மிடம் காசு ஏது? என் முதல் புத்தகத்தின் யானைக்குட்டி பிற்பாடு பள்ளி நோட்டு அட்டைகளில் வந்தது. என்னை யாரும் கேட்கவில்லை, ஒரு ரூபாயும் வரவில்லை. கேட்கப் போனபோது என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

ஆகவே, தூரிகையைத் தண்ணீரில் நனைக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்: ‘படங்களின் பதிப்புரிமையும் ஒரிஜினல்களும் ஓவியருக்கே உரியவை. இந்தப் புத்தகத்தை அச்சிட மட்டும், இத்தனை ஆண்டுகளுக்கு அனுமதி தருகிறேன்.’ இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆண்டைக் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். ‘எல்லா உரிமையும், என்றென்றைக்கும்’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். உரிமையை விற்றாலும், வரைந்தது நான்தான் என்று சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும்.

பணத்தையும் தவணையாகப் பிரித்துக் கேளுங்கள்: கையெழுத்திடும்போது ஒரு பங்கு, பென்சில் படங்கள் ஒப்புதலானதும் ஒரு பங்கு, மீதி ஸ்கேன் கொடுக்கும் அன்று. காகிதக் கடைக்காரரும் அச்சகத்தாரும் புத்தகம் விற்கட்டும் என்று காத்திருப்பதில்லை. படம் போட்டவர் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? பாதிக் கதையைப் படமே சொல்லும் புத்தகத்தில், அட்டையில் பெயர் போடச் சொல்லிக்கூட இன்னும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் எல்லோரும் ஏற்கும் ஒரு மாதிரி ஒப்பந்தம் தமிழில் உண்டா? நான் பார்த்ததில்லை.

சரி, அனுப்பிய இரண்டு படங்கள். காசு வாங்கவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அவை உங்களுடையவை. என்னென்ன படம், எந்தத் தேதியில் கூரியரில் போனது என்று குறிப்பிட்டு, ‘இவற்றைப் பயன்படுத்த அனுமதி தரவில்லை, 15 நாளில் திருப்பி அனுப்பவும்’ என்று ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். அதையே அவருடைய வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். போனில் சமாதானம் பேசினால், ‘எழுத்தில் அனுப்புங்கள்’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள்.