ஹி, ஷி, தே: பிள்ளைகள் தடுமாறுவது எங்கே?

கேள்வி (ஒரு தாய்): மகள் ‘ஐ, மை, மீ, மைன்’ அட்டவணையை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறாள். பேசும்போது மட்டும் ‘வென்ட் டு மார்க்கெட்’ என்கிறாள். யார் போனார்கள் என்பதே இல்லை.

பதில்: தமிழில் ‘போனான்’ என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ‘வென்ட்’ எல்லோருக்கும் பொது, அதனால் அங்கே ஹி, ஷி கட்டாயம். அட்டவணை ப்ரோநவுன் வடிவங்களைத் தரும், எப்போது தேவை என்பதைத் தராது. படத்தைக் காட்டி ‘யார் போனது?’ என்று கேட்டு முழு வாக்கியமாகச் சொல்லவையுங்கள்.

கேள்வி (தொடக்கப்பள்ளி ஆசிரியை): ‘மை அம்மா, தே ஆர் கமிங்’ என்கிறார்களே?

பதில்: மரியாதையால் வரும் பிழை அது டீச்சர். ‘அவங்க’ ஒருவருக்கும் வரும், பலருக்கும் வரும். ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. அம்மாவை ஷி என்றால் மரியாதைக் குறைவில்லை என்று தமிழிலேயே ஒரு நிமிடம் விளக்குங்கள். ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்ற பிடிவாதத்தால் இந்த இடத்தில் நஷ்டம் பிள்ளைக்குத்தான்.

கேள்வி (பி.எட். மாணவர்): கதைகள் நிறையப் படித்தால் தானாக வராதா?

பதில்: ஓரளவு வரும். கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசும் பிள்ளைகள் ‘அவளுடைய அப்பா’ என்பதற்கு ‘ஹிஸ் ஃபாதர்’ என்பார்கள். பிரெஞ்சில் உடையவரைப் பார்ப்பதில்லை, அடுத்து வரும் பெயர்ச்சொல்லின் பாலைத்தான் பார்ப்பார்கள். 1998இல் வெளியான ஆய்வில் ஜோனா வைட், ஆறாம் வகுப்புப் பாடங்களில் ஹிஸ், ஹெர் சொற்களை எடுப்பாக அச்சிட்டுப் படிக்கக் கொடுத்தார். அப்படிப் படித்த குழுக்களும், சாதாரண அச்சில் படித்த குழுவும், எல்லாமே முன்னேறின. எடுப்பான அச்சால் மட்டும் பெரிய வித்தியாசம் வரவில்லை. சொல் கண்ணில் பட்டது சரி, எதைப் பார்த்து அதைத் தேர்வது என்று யாரும் சொல்லவில்லையே! ‘யாருடையது என்று முதலில் கேள்’ என்று ஒரு வரி சொல்லித்தருவது அவசியம் என்பேன். ஆனால் ‘அவனுடைய, அவளுடைய’ என்று உடையவரைப் பார்த்தே பேசும் நம் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நமக்குத் தேவை ‘அவங்க’ பயிற்சி. வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகத்தை அப்படியே இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி (அதே ஆசிரியை): பிழை வந்ததும் சரியான வாக்கியத்தை நானே சொல்லிவிடுகிறேன். கவனிப்பதே இல்லை.

பதில்: மொழிக்கல்வி ஆய்வாளர்கள் லிஸ்டர், ராண்டா இருவரும் 1997இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்விலும் ஆசிரியர்கள் அதிகம் செய்தது இதைத்தான், பிள்ளைகள் தாமாகத் திருத்திக்கொள்ள அது உதவவில்லை. ‘ஹி? அண்ணனா, அக்காவா?’ என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். திருத்தத்தைப் பிள்ளையே சொல்லட்டும்.