ஸ்டெம் செல் கொடுத்தால் உடம்பு கெட்டுப்போகுமா?

கேள்வி: முதிர் ஸ்டெம் செல் என்றால் என்ன? அதனால் உண்மையிலேயே எந்த நோய் குணமாகிறது? கொடுப்பவருக்கு ஆபத்து உண்டா?

கடைசி வரியைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டில் யாருக்கோ ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை சொல்லியிருப்பார்கள், பொருத்தம் உங்களோடு சேர்ந்திருக்கும், சொந்தக்காரர்கள் வேண்டாம் என்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் டாக்டர் இல்லை. தர்மபுரி பக்கம் விவசாயக் குடும்பம். தங்கைக்காகக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மருத்துவம் படித்தவர்கள் தப்பு இருந்தால் திருத்துங்கள், உனக்கு எதற்கு இந்த வேலை என்று மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ராகி அறுத்ததும் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்துவிடுவோம். மீதிதான் களிக்கு. ஸ்டெம் செல் அந்த விதை ராகி மாதிரி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள்தான் வாழும், தட்டணு (பிளேட்லெட்) பத்து நாள் தாங்கினால் அதிகம். அந்த இடத்தை நிரப்ப எலும்பு மஜ்ஜையில் ஸ்டெம் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பங்கு ரத்த அணுவாகப் போகும், ஒரு பங்கு விதையாகவே நிற்கும். 'முதிர்' என்றால் வயதானவருடையது என்று அர்த்தம் இல்லை. கருவிலிருந்து எடுக்காமல், பிறந்து வளர்ந்த உடம்பில் இருப்பது. கைக்குழந்தைக்கும் உண்டு. தோலிலும் குடலிலும் இருக்கிறது, கருவிழி ஓரத்திலும் இருக்கிறது. சுண்ணாம்பு தெறித்து ஒரு கண் வெந்துபோனவர்களுக்கு, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துளியூண்டு எடுத்து வைத்துப் பார்வையை மீட்பது இதை வைத்துத்தான்.

என் தங்கைக்கு விதையே காலியாகிவிட்டது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். காலில் கொசு கடித்த மாதிரி சிவப்புப் புள்ளிகள், பல் தேய்த்தால் ரத்தம். பரிசோதனையில் தட்டணு ஆறாயிரம் என்று வந்தது. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். ஏப்ளாஸ்டிக் அனீமியா, அதாவது மஜ்ஜையில் ரத்த அணு ஊறாத நோய் என்று சொல்லி வேலூருக்கு அனுப்பினார்கள். இதில் பார்ப்பது ரத்த வகை இல்லை, திசுப் பொருத்தம். கூடப்பிறந்தவர்களிடம் அது முழுதாகக் கிடைக்க நாலில் ஒரு வாய்ப்பு. அண்ணனுக்குப் பொருந்தவில்லை, எனக்குப் பொருந்தியது.

அன்று ராத்திரியே பெரியம்மா போன் செய்தார். "முதுகுத்தண்டுல ஓட்டை போட்டு உறிஞ்சுவாங்களாம். ஆம்பளப் புள்ள, நாளைக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா?" அம்மா ஒன்றும் பேசவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். முதுகுத்தண்டை யாரும் தொடவே இல்லை. (இடுப்பெலும்பிலிருந்து மயக்கம் கொடுத்து எடுக்கும் முறையும் இருக்கிறது, அதுவும் முதுகுத்தண்டு கிடையாது.) தினமும் ஊசி போட்டார்கள். அது மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குள் இறங்க வைக்கும். மூன்றாம் நாள் இடுப்பும் தொடையும் மூட்டை தூக்கின மாதிரி வலித்தது. மாத்திரைக்கு அடங்கியது. ஐந்தாம் நாள் இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், வேண்டியதைப் பிரித்துக்கொண்டு மறு கை வழியாகத் திரும்பியது. நாலரை மணி நேரம். நடுவில் உதடு சுரீர் சுரீரென்று மரத்தது. ரத்தம் உறையாமல் இருக்கக் கலக்கும் மருந்தால் கால்சியம் குறையும் என்று நர்ஸ் அக்கா மாத்திரை கொடுத்தார். கடைசியில் ஒரு சின்னப் பை, தண்ணீர் விட்ட தக்காளிச் சாறு நிறத்தில். அதை டிரிப் மாதிரி தங்கைக்கு ஏற்றினார்கள். பதினாறாம் நாள் அவளுக்கு வெள்ளை அணு ஏறத் தொடங்கியது. மறு வாரம் நான் தக்காளிப் பெட்டி தூக்கினேன்.

இதற்கு அப்புறமும் எனக்கு இரண்டு வரன் தட்டிப்போனது. "மஜ்ஜை கொடுத்த பையன்" என்றார்கள். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கொடுத்தது சில வாரத்தில் ஊறிவிடும், பிள்ளை பெறுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என் மகளுக்கு இரண்டு வயது.

இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு. தொற்று வரக்கூடாத தங்கையை மாஸ்க் போட்டு, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாக நெரிசல் பஸ்ஸில் எத்தனை முறை கூட்டிப்போயிருப்பேன்! 1941ல் மூடிய மொரப்பூர் – தர்மபுரி ரயில் பாதை ஒழுங்காக இருந்திருந்தால் வேலூர் பக்கத்துக் காட்பாடிக்குப் படுக்க வைத்தே கொண்டுபோயிருக்கலாம். கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனால் நோயாளி வீட்டுக்காரனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

எந்த நோய்க்கு என்று கேட்டீர்கள். ரத்தப் புற்றுநோய், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய், தங்கைக்கு வந்தது போன்ற மஜ்ஜை நோய்கள், இவற்றுக்கு இது பல்லாண்டு கண்ட சிகிச்சை. இதற்கு வழி போட்ட அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸுக்கு 1990ல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை, மூட்டுவலி, ஆட்டிசம் என்று எல்லாவற்றுக்கும் 'ஸ்டெம் செல் ஊசி' விற்பவர்களிடம் போகாதீர்கள். ரத்த நோய்கள் தவிர மற்றவற்றுக்கு அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. என் சித்தப்பா முட்டி வலிக்காக ஒரு இடத்தில் மாடு விற்ற பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். இன்றும் தடி ஊன்றித்தான் நடக்கிறார்.

தங்கை இப்போது ஓசூரில் வேலைக்குப் போகிறாள். பள்ளிக்கூட அடையாள அட்டையில் பி பாசிட்டிவ் என்று இருக்கும். இப்போது அவள் உடம்பில் ஓடுவது என் ஓ பாசிட்டிவ்.